சந்தேகமான எக்ஸ்இ ஃபைலைத் திறக்காமலே விசாரிப்பது எப்படி?

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆதார் பிரிண்ட், இவைதான் தொழில். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பென்டிரைவாவது என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும். ஊரில் பரவும் சளி இருமல் முதலில் பஸ் கண்டக்டருக்குத்தான் வரும். அதுபோல இந்த ஏரியாவில் சுற்றும் வைரஸ் எதுவானாலும் முதலில் என் கடைக்கு வந்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகும்.

போன ஆவணி முகூர்த்த நேரத்தில் அண்ணாச்சி ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். நீட்டிய பென்டிரைவில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, பத்திரிகை மேட்டர் இருக்கும் ஃபோல்டர். இன்னொன்று, பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்றுமாம், ஒரு எக்ஸ்இ, அதாவது டபுள் கிளிக் செய்தால் ஓடும் நிரல்.

“தம்பி, இத ஓட்டுனா எழுத்தெல்லாம் சரியாயிரும்னு மச்சான் ஊர்ல இருந்து அனுப்பியிருக்காரு. டபுள் கிளிக் பண்ணுங்க.”

“பண்ணலாம் அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

அந்த டீ நேரத்தில் என்ன பார்த்தேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு இன்ஜினியரிங் படிப்பு வேண்டாம். ரைட் கிளிக் செய்யத் தெரிந்தால் போதும். டபுள் கிளிக் செய்ய அரிக்கிற விரலை மட்டும் அடக்கி வைக்க வேண்டும். ‘திறந்துதான் பார்ப்போமே’ என்று திறந்துவிட்டால் அதற்குமேல் விசாரணைக்கு இடமில்லை, நஷ்டக் கணக்கு பார்க்கிற வேலைதான்.

பெயரை முழுதாகப் பாருங்கள்

விண்டோஸில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. ஃபைல் பெயரின் வால் பகுதியை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனை, அது தானாகவே மறைத்து வைக்கும். ‘மேட்டர் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ’ என்று ஒருவன் பெயர் வைத்தால், கடைசி எக்ஸ்இ மறைந்து ‘மேட்டர் டாட் பிடிஎஃப்’ என்று அப்பாவியாக நிற்கும். பக்கத்தில் பிடிஎஃப் ஐகானும் இருக்கும். அந்த ஐகான் எக்ஸ்இ ஃபைலுக்கு உள்ளேயே வைக்கப்படும் படம். எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஐகானைப் பார்த்து நம்புவது, காக்கிச் சட்டை போட்டவரெல்லாம் போலீஸ் என்று நம்புகிற மாதிரி.

விண்டோஸ் 11 என்றால் எக்ஸ்புளோரர் மேலே ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. விண்டோஸ் 10 என்றால் ‘வியூ’ டேபிலேயே அந்த டிக் பெட்டி இருக்கும். ஒருமுறை போட்டுவிட்டால் அப்படியே நிற்கும். கூடவே பட்டியலை ‘டீடெய்ல்ஸ்’ காட்சிக்கு மாற்றி ‘டைப்’ என்ற பத்தியைப் பார்க்கப் பழகுங்கள். எக்ஸ்டென்ஷனைத் திறந்து வைத்தாலும் ஷார்ட்கட் ஃபைலின் வாலை மட்டும் விண்டோஸ் காட்டாது, அதை டைப் பத்திதான் சொல்லும். அரபி, உருது போல வலமிருந்து இடமாக எழுத்தைத் திருப்பும் மறைக்குறி ஒன்றைப் பெயருக்கு நடுவில் செருகி, எக்ஸ்இ என்ற வாலை நடுவில் இருப்பதுபோலக் காட்டுகிற வேலையும் உண்டு. கண்ணை ஏமாற்றலாம். டைப் பத்தி அதற்கெல்லாம் மசியாது, ‘அப்ளிகேஷன்’ என்றே சொல்லும்.

அண்ணாச்சியின் பென்டிரைவில் அந்தப் பத்தியைப் பார்த்ததுமே பாதிக் கதை முடிந்துவிட்டது. ‘பத்திரிகை மேட்டர்’ என்று மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு இருந்ததற்கு நேரே ‘ஃபைல் ஃபோல்டர்’ என்று இருக்க வேண்டும். இருந்தது ‘அப்ளிகேஷன்’. ஃபோல்டர் வேஷம் போட்ட எக்ஸ்இ! ஜெராக்ஸ் கடைக்காரர்களைக் கேளுங்கள், இருபது வருஷமாகத் தெரிந்த முகம் என்பார்கள். உண்மையான ஃபோல்டரை ஒளித்து வைத்துவிட்டு அதே பெயரில் தன்னை நிறுத்திக்கொள்ளும். நாம் ஃபோல்டர் என்று நினைத்துத் திறப்போம். அதுவும் நமக்குச் சந்தேகம் வராமல் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டிவிட்டு, பின்னால் கம்ப்யூட்டரில் குடியேறிவிடும்.

எக்ஸ்இ மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. எஸ்சிஆர் என்ற ஸ்க்ரீன் சேவர் ஃபைல், பேட், சிஎம்டி, விபிஎஸ், ஜேஎஸ், எச்டிஏ, எம்எஸ்ஐ, எல்லாமே டபுள் கிளிக் செய்தால் ஓடக்கூடியவை. இணையதள முகவரி மாதிரி ‘டாட் காம்’ என்று முடிவதும் பழைய நிரல் வகைதான்.

இன்னும் சந்தேகமா? நோட்பேடை முதலில் தனியாகத் திறந்துகொண்டு, ஃபைலை இழுத்து வந்து அதற்குள் போடுங்கள். அப்படிப் போட்டால் நிரல் ஓடாது, அதன் எழுத்துகள் மட்டும் தெரியும். முக்கால்வாசி கிறுக்கலாக இருக்கும், கவலை வேண்டாம். முதல் இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். எம், இசட் என்று தொடங்கினால் அது விண்டோஸ் நிரல், பெயர் என்னவாக இருந்தாலும் சரி. அந்த இரண்டெழுத்து, டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் இந்த வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல். நிஜமான பிடிஎஃப் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும். ஜிப் பி, கே என்று தொடங்கும். அதுவும் ஒருவர் இனிஷியல்தான், ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ். வேர்டின் டாக்எக்ஸ் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அதுவும் பி, கே.

வந்த வழியைக் கேளுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடாமலே செய்யக்கூடிய விசாரணை இது. என் அனுபவத்தில் பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். யார் கொடுத்தது? அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? தயாரித்தவரின் சொந்தத் தளமா, கூகுளில் முதலில் வந்த விளம்பரமா, டெலிகிராம் குரூப்பா? ஓட்டுவதற்கு முன்னால் ஏதாவது செய்யச் சொல்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். கடை போட்ட புதிதில் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்கக் காசில்லை. லேமிங்டன் ரோட்டில் பழகிய ஒருவர் கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு நகல், கொடுத்தார். கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: ‘முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும், அது தவறாக வைரஸ் என்று சொல்லும்.’ சொன்னபடி செய்தேன். பத்து நாளில் என் மெயிலிலிருந்து என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கன்னாபின்னா மெயில் போனது. பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டு எல்லாம் யார் கையிலோ. வீட்டுக்குள் வரும்போது நாயைக் கட்டிப் போடச் சொல்கிறவன் யாராக இருப்பான் என்று அப்போது யோசிக்கவில்லை.

அண்ணாச்சியின் மச்சான் விஷயத்தில் போன் போட்டுக் கேட்டேன். ஊரில் அவர் வேலை பார்த்த அச்சகத்தில் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த கன்வெர்ட்டராம், யார் எழுதியது என்று தெரியாதாம். கெட்டதற்கும் அடையாளமில்லை, நல்லதற்கும் சாட்சியில்லை.

கையெழுத்து இருக்கிறதா?

ஃபைல் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’. தயாரித்தவரின் மின்கையெழுத்தைக் காட்டும் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்று ஒரு டேப் இருந்தால் அதில் பெயரைத் தேர்ந்து ‘டீடெய்ல்ஸ்’ அழுத்துங்கள். கையெழுத்து சரி என்று சொல்ல வேண்டும். போட்டவர் பெயர், நீங்கள் எதிர்பார்க்கிற நிறுவனத்தின் பெயராகவும் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அப்டேட் என்று வந்த ஃபைலில் கேள்விப்படாத கம்பெனியின் கையெழுத்து இருந்தால் அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை ஒரேயடியாக நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். கையெழுத்துப் போடத் தேவையான சான்றிதழுக்குப் பணம் செலவாகும் என்பதால் தனி ஆளாக நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவதில்லை. விண்டோஸோடு வரும் சில ஃபைல்களுக்கே இந்த டேப் இருக்காது, அவற்றின் கையெழுத்து தனியாக ஒரு கேட்டலாகில் இருக்கும். மறுபக்கம் பாருங்கள். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் கையெழுத்திடப்பட்டிருந்தது. 2017-இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சிசிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் தயாரிப்பு இடத்திலேயே யாரோ விஷம் கலந்துவிட்டார்கள். அது நிறுவனத்தின் நிஜக் கையெழுத்தோடு, நிஜத் தளத்திலிருந்து, இருபது லட்சம் கம்ப்யூட்டருக்கு மேல் போனது.

கன்வெர்ட்டரில் கையெழுத்து இல்லை. அந்தக் காலத்து அச்சகக் கருவியில் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கைரேகை எடுப்பது

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ் என்று ஒரு கைரேகை உண்டு. எஸ்எச்ஏ-256 முறையில் எடுத்தால் 64 எழுத்து நீளம் வரும். ஃபைலின் பெயரை மாற்றினால் இது மாறாது. உள்ளே ஒரே ஒரு பைட் மாறினால் முழுதும் மாறிவிடும். எம்டி5 என்ற பழைய முறையும் கண்ணில் படும், அது 32 எழுத்து. அதில் இரண்டு வேறு ஃபைல்களுக்கு ஒரே கைரேகை வரும்படி செய்துவிட முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் எஸ்எச்ஏ-256 மட்டும் போதும்.

எடுக்க எளிய வழி, செவன் ஜிப் என்ற இலவச மென்பொருள். அது இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக்கில் ‘சிஆர்சி எஸ்எச்ஏ’ என்று ஒரு மெனு வரும், அதில் எஸ்எச்ஏ-256. விண்டோஸ் 11-இல் முதல் மெனுவில் காணவில்லை என்றால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்திப் பாருங்கள். வரும் 64 எழுத்தைக் காப்பி செய்துகொள்ளுங்கள்.

விஎல்சி, லிப்ரேஆஃபிஸ் மாதிரி சில மென்பொருள்களுக்குத் தயாரிப்பாளர் தளத்திலேயே சரியான கைரேகையைப் போட்டிருப்பார்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், வழியில் யாரும் கை வைக்கவில்லை. மற்றதற்கு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

எழுபது பேர் பஞ்சாயத்து

வைரஸ்டோட்டல் என்ற தளம் 2004-இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று தொடங்கியது, 2012-இல் கூகுள் வாங்கிக்கொண்டது. ஒரு ஃபைலை எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களிடம் காட்டி ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று பட்டியல் போடும். நம் சென்னை கே7, புனே குயிக் ஹீல் இரண்டும் அதில் உண்டு. இலவசம்.

புதிதாக வருகிறவர்கள் நேராக ஃபைலை அப்லோட் செய்துவிடுவார்கள். பொறுங்கள். முதலில் ‘சர்ச்’ பகுதியில் கைரேகையை மட்டும் ஒட்டித் தேடுங்கள். உலகத்தில் யாராவது அதே ஃபைலை முன்பே காட்டியிருந்தால் அந்த முடிவு உடனே வரும், உங்கள் ஃபைல் எங்கும் போகாது. அப்லோட் செய்தால் அது பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும், பணம் கட்டிய சந்தாதாரர்கள் கைக்கும் போகும். யாரோ அனுப்பிய எக்ஸ்இ போனால் போகட்டும். வாடிக்கையாளரின் பான் கார்டு, கணக்கு, சம்பளப் பட்டியல் இருக்கும் வேர்டு, எக்செல் ஃபைலை ‘வைரஸ் இருக்கா பார்ப்போம்’ என்று அங்கே ஏற்றாதீர்கள்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை அப்படியே ஏற்றுவதும் வீண். உள்ளே இருப்பது ஸ்கேனருக்குத் தெரியாது, ‘சுத்தம்’ என்று பச்சை காட்டும். மூடின டிபனைப் பார்த்துச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற கதை.

முடிவை எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஃபோல்டர் வேஷக்காரனின் கைரேகையைப் போட்டேன். அறுபதுக்கு மேல் சிவப்பு, பாதிப் பேர் ‘வொர்ம்’ என்று பெயரே சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்து கலைந்தது, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கன்வெர்ட்டரின் கைரேகைக்கு எழுபத்தொன்றில் நான்கு. இதுதான் சங்கடமான எண். நான்கு பேர் சொல்லிவிட்டார்களே என்று பயப்படுவதா, அறுபத்தேழு பேர் சொல்லவில்லையே என்று தைரியப்படுவதா? எண்ணை விடுங்கள், அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று படியுங்கள். ‘ஜென்’, ‘ஹியூர்’, ‘எம்எல்’, ‘சஸ்பிஷியஸ்’ என்று இருந்தால் ‘பார்த்தால் அப்படித் தோன்றுகிறது’ என்று அர்த்தம். குறிப்பிட்ட குடும்பப் பெயரோடு ‘ஸ்டீலர்’, ‘ரேன்சம்’, ‘பேக்டோர்’ என்று இருந்தால் ‘இவனை எனக்குத் தெரியும்’ என்று அர்த்தம். ‘பியூஏ’, ‘ஆட்வேர்’ என்றால் திருடன் இல்லை, கூப்பிடாத விருந்தாளி: விளம்பரம், டூல்பார் என்று கூட்டி வருவான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஆன்டிவைரஸ்கள் உள்ளே பிட்டிஃபென்டரின் இன்ஜினைத்தான் வாடகைக்கு வாங்கி ஓட்டுகின்றன. பட்டியலில் ஆறேழு பேர் எழுத்துப் பிசகாமல் ஒரே பெயரைச் சொன்னால் அது ஆறேழு சாட்சி இல்லை, ஒரே சாட்சி சொன்னதை மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்.

அடுத்து ‘டீடெய்ல்ஸ்’ டேபில் ‘ஃபர்ஸ்ட் சப்மிஷன்’ தேதி. நான் முதலில் போவது இங்கேதான். கன்வெர்ட்டர் முதன்முதலாக அங்கே காட்டப்பட்டது 2013-இல். அத்தனை வருஷம் எழுபது பேர் கண்ணெதிரே கிடந்தும் நான்கு பேர்தான், அதுவும் மழுப்பலாகத்தான் சொல்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் வீண் பழி. தமிழ்க் கருவிகளுக்கு இந்தப் பழி சுலபமாக வரும். தட்டச்சு மென்பொருள் என்றால் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு விசையையும் இடையில் நின்று பிடித்தால்தான் தமிழாக மாற்ற முடியும். பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் அதையேதான் செய்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும் காவலனுக்கு இரண்டும் ஒரே ஜாடை.

அதையே தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். முதல் தேதி இன்று காலை, எழுபதில் பூஜ்யம் என்று வந்தால் அது நற்சான்றிதழ் இல்லை, இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பதுதான். கூரியர் பார்சல் ரசீது என்று ஒருவருக்கு வந்த ஃபைலுக்குக் காலையில் இரண்டு பேர்தான் சிவப்பு காட்டினார்கள். மறுநாள் மாலை ‘ரீஅனலைஸ்’ அழுத்தினேன், முப்பதைத் தாண்டியிருந்தது. அவசரமில்லாத ஃபைல் என்றால் இரண்டு நாள் ஊறப் போடுவதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஊறப் போடும்போது யாரும் தவறிக்கூடத் திறக்காதபடி, ‘இன்ஃபெக்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே பாஸ்வேர்டாகப் போட்டு ஜிப் செய்து வையுங்கள். வைரஸ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்களுக்குள் ஃபைல் அனுப்பும்போது வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டு அதுதான்.

வருமான வரி நோட்டீஸ் கதை

பென்டிரைவில் வராத ஃபைல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் போவது இந்த வகையில்தான். பக்கத்துச் சந்தில் லெதர் பேக் தைக்கும் பட்டறை. கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு நாள் லேப்டாப்போடு வந்தார்கள்.

“இன்கம்டாக்ஸ்ல இருந்து நோட்டீஸ்னு மெயில் வந்திருக்குப்பா. சேட்டு காலைல இருந்து கத்துறாரு. ஜிப்பு திறக்க மாட்டேங்குது.”

பாஸ்வேர்டு மெயிலிலேயே இருந்தது. பூட்டையும் சாவியையும் சேர்த்து அனுப்புகிறவனுக்கு ரகசியம் காக்கும் எண்ணமில்லை. வழியில் மெயில் ஸ்கேனர் உள்ளே பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பிரிக்கவில்லை. செவன் ஜிப்பில் ஜிப்பைத் திறந்து பட்டியலை மட்டும் பார்த்தேன். சாதாரண ஜிப்பில் பாஸ்வேர்டு இருந்தாலும் உள்ளே இருக்கும் ஃபைலின் பெயரும் அளவும் தெரியும். ஜிப்பின் அளவு 6 எம்பி. உள்ளே ஒரே ஃபைல், பெயரின் கடைசியில் எக்ஸ்இ, விரித்தால் 740 எம்பி.

இந்த அளவுக் கணக்கைக் கவனியுங்கள். நிஜ மென்பொருள் இப்படி நூறு மடங்கு சுருங்காது. உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்யம் அடைத்து ஊத வைத்திருக்கிறார்கள். ஏன்? பல ஸ்கேனர்கள் மிகப் பெரிய ஃபைலைப் பார்க்காமல் விட்டுவிடும். வைரஸ்டோட்டல் 650 எம்பிக்கு மேல் வாங்காது. அந்த வாசல் தெரிந்துதான் அதைவிடக் குண்டாக அனுப்பியிருக்கிறான். ஸ்கேனர் ஒன்றுகூடச் சிவப்பு காட்டாமலே இந்தக் கேஸில் தீர்ப்பு எழுதலாம்.

ஆனாலும் சேட்டுக்குப் பதில் வேண்டுமே. 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும் என்பது விதி. துறையின் இ-ஃபைலிங் தளத்தில் லாகின் செய்யாமலே அந்த நோட்டீஸ் நிஜமா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. மெயிலில் எண்ணே இல்லை. அக்கா அங்கேயே லாகின் செய்தும் பார்த்தார்கள், நோட்டீஸ் எதுவும் இல்லை. கம்ப்யூட்டருக்கு வெளியே விசாரிக்க வழி இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். எந்த ஆன்டிவைரஸையும்விட அது திடமான சாட்சி.

ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

முதலில் உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது. மறுநாள் காலை பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், மேட்டர் நான்கு பக்கம், உறவுமுறைப் பெயர் மட்டும் இரண்டு பக்கம். திரும்ப அடிக்க ஆளில்லை.

விண்டோஸ் 10, 11-இன் ப்ரோ பதிப்பில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது. ஸ்டார்ட்டில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்று தேடி, பட்டியலில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸுக்கு டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை செட்டிங்கில், வர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும், ராம் 8 ஜிபி இருந்தால் திணறாது. திறந்தால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு புதுக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு ஜன்னல் வரும். அதை மூடினால் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துபோகும்.

ஓட்டும் முன் நான் செய்தது ஒன்றே ஒன்று, நெட் கேபிளைப் பிடுங்கினேன். சாண்ட்பாக்ஸுக்கும் நம் நெட்தான் என்பதால், விட்டு வைத்தால் உள்ளே ஓடுவது வெளியே பேசும். பிறகு ஃபைலைக் காப்பி செய்து உள்ளே ஒட்டி ஓட்டினேன். சாம்பல் நிறத்தில் பழைய காலத்து ஜன்னல், இடது பக்கம் பாமினி, வலது பக்கம் யூனிகோடு, நடுவில் ஒரே பொத்தான். மேட்டரைப் போட்டு மாற்றி வெளியே கொண்டு வந்தேன். ‘ஸ்ரீ’ மட்டும் எல்லா இடத்திலும் உடைந்திருந்தது, அது வைரஸ் வேலையில்லை. சாண்ட்பாக்ஸை மூடினேன். கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கன்வெர்ட்டர் ஒருநாளும் நேரடியாக ஓடவில்லை.

சாண்ட்பாக்ஸில் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் ஃபைல் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். தான் சோதனைக் கூடத்தில் இருக்கிறோமா என்று பார்த்து, அப்படியானால் சமர்த்தாகத் தூங்கிவிடும் வைரஸ்கள் நிறைய. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் எனி ரன், ஹைப்ரிட் அனாலிசிஸ் போன்ற தளங்களில் ஃபைலை ஓட விட்டு வேடிக்கை பார்க்கலாம். ஆனால் இலவசக் கணக்கில் அது ஊருக்கெல்லாம் தெரியும்.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா?

நெட்டை உடனே துண்டியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்தப் பாஸ்வேர்டும் அடிக்காதீர்கள். போனிலிருந்து, அதுவும் வைஃபை விட்டு மொபைல் டேட்டாவில், முதலில் மெயில், அடுத்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயிலில் ‘எல்லா சாதனத்திலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். இப்போதைய திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டோடு பிரவுசரின் லாகின் குக்கியையும் எடுத்துப் போகின்றன, அது இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். இதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஸ்கேன் ஆவதால் ஒளிந்திருப்பவை சிக்க வாய்ப்பு அதிகம், கால் மணி நேரம் ஆகும். அங்கேயே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலையும் பாருங்கள், வைரஸ் தன் ஃபோல்டரை அங்கே சேர்த்துவிட்டிருக்கலாம். மைக்ரோசாஃப்டின் இலவச ஆட்டோரன்ஸ் கருவி, விண்டோஸ் எழும்போது கூடவே எழுகிறவை எல்லாவற்றையும் காட்டும். ஆப்டேட்டா, டெம்ப் ஃபோல்டர்களிலிருந்து எழுவதை நிதானமாக விசாரியுங்கள். பேங்க் வேலை நடக்கும் கம்ப்யூட்டர் என்றால் நான் இத்தனை விசாரணையும் வைத்துக்கொள்ள மாட்டேன், ஃபார்மட்தான்.

அண்ணாச்சி டீ குடித்து, பேப்பர் படித்து, பக்கத்துக் கடையில் கதை பேசித் திரும்பி வந்தார். எக்ஸ்புளோரர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, ‘ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதற்கான டிக்கையும் எடுத்ததும், ஒளிந்திருந்த நிஜ ஃபோல்டர் மங்கலாகத் தெரிந்தது. மேட்டர் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்தேன்.

“வைரஸு போயிருச்சுல்லா?”

“இதுல போயிருச்சு அண்ணாச்சி. இந்தப் பென்டிரைவ வேற எங்கெல்லாம் சொருகுனீங்க?”

விரல் விட்டு எண்ணினார். வீட்டில் பையன் கம்ப்யூட்டர், மாட்டுங்காவில் ஒரு ஜெராக்ஸ் கடை, அப்புறம் எதிர்ச் சந்தில் சம்பந்தி வீடு. பையனின் கம்ப்யூட்டரை மறுநாள் எடுத்து வரச் சொன்னேன். சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது என்று மட்டும் அவருக்குக் குழப்பம்.

“கல்யாணம் முடியட்டும் தம்பி, அப்புறமா சொல்லிக்கலாம்.”

“அதுக்குள்ள அவுங்க பத்திரிகையும் என் கடைக்குத்தான் வரும் அண்ணாச்சி, அதே பென்டிரைவோட.”

போனை எடுத்தார்.